முன்பதிவு செய்த நன்றி

மார்வினுக்கு நர்ஸ் வேலைக்கான தாதியர் உரிமம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அவனுக்கு வேலை கிடைத்ததற்காக நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுக்க அவன் அம்மா பிலோமினம்மாள் நாள் குறித்தது மறுநாள், புதன்கிழமை. நடுவில் வேலை என்று ஒன்று கிடைத்தாக வேண்டுமே என்பது அவருக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது. கடவுள் பார்த்துக்கொள்வார் என்று அதை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டார்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. சிங்கப்பூரில் லிட்டில் இந்தியா பக்கம் அவர்கள் போகும் கத்தோலிக்கக் கோயிலில் தமிழ்த் திருப்பலி ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றே ஒன்றுதான். அதில் இன்னாருக்காக, இன்ன காரணத்துக்காக என்று பெயர் சொல்லி வாசிக்கும் கருத்துகளோ ஐந்தே ஐந்து. இறந்த மாமியாரின் நினைவு, கல்யாண நாள், பேரனின் பரீட்சை என்று சுவா சூ காங்கிலிருந்து பிடோக் வரை உள்ள தமிழ்க் கத்தோலிக்கர்கள் அத்தனை பேரும் அந்த ஐந்து இடத்துக்குத்தான் முட்டி மோதுகிறார்கள். அரசாங்கம் கட்டித் தரும் புது வீவக வீட்டுக்குக்கூட இந்தப் போட்டி கிடையாது. பத்து வாரம் முன்னால் சொல்லாவிட்டால் இடமில்லை. வேலை கிடைத்த பிறகு போய்க் கேட்டால் பதவி உயர்வு வரும்போதுதான் நன்றி சொல்ல முடியும் என்பது பிலோமினம்மாளின் வாதம்.

கோயில் அலுவலகத்தில் பதிவெல்லாம் பார்த்துக்கொள்கிற அமலா, கணினியில் தட்டிக்கொண்டே முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டாள்.

"கங்கிராட்ஸ் ஆன்டி! எந்த ஹாஸ்பிடல்?"

"இன்னும் தெரியலை லா."

"போஸ்டிங் வரலையா?"

"வேலையே வரலை. நீ எழுதும்மா, அதுக்குள்ள வந்துடும்."

அமலாவின் விரல் நின்றது. "அப்ப மன்றாட்டுன்னு போடலாமா ஆன்டி? வேலை கிடைக்க வேண்டின்னு?"

"மன்றாட்டுன்னா கேக்கறது. நன்றின்னா நம்பறது. நான் நம்பறேன். நீ நன்றின்னே போடு."

இதற்கு இறையியலில் பதில் இருக்கலாம். அமலாவிடம் இல்லை. 'மார்வினுக்கு மருத்துவமனையில் வேலை கிடைத்தமைக்கு நன்றியாக, குடும்பத்தினர்' என்று தட்டிவிட்டாள்.

அன்று மாலை செய்தியைக் கேட்ட மரியஅந்தோணி, அதாவது பிலோமினம்மாளின் கணவர், சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே "எருமை வாங்கு முன்னே நெய்க்கு விலை பேசற மாதிரி இருக்கு" என்றார். முப்பது வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய மனிதர். உயரத்திலிருந்து பார்த்தே பழகியதால் வருவது கொஞ்சம் முன்னாலேயே தெரிந்துவிடும். ஆனால் சொல்வதை ஒரு தடவைதான் சொல்வார்.

மார்வின் ஒன்றும் சோடை போன பிள்ளை இல்லை. இருபத்து மூன்று வயது, ஆறடி உயரம். பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் நர்சிங், அப்புறம் ராணுவத்தில் இரண்டு வருடம் மருத்துவப் பிரிவு. ஊசி போட்டால் போட்டது தெரியாது. படுக்கையில் இருப்பவரைப் புரட்டிப் படுக்க வைப்பதில் வகுப்பிலேயே அவன்தான் முதல். தாதிகள் போதவில்லை என்று செய்தியில் வேறு அடிக்கடி சொல்கிறார்கள். அப்படியிருந்தும் அவனுக்கு வேலை கிடைக்கவில்லை என்றால் அதற்கு ஒரே காரணம்தான். மார்வினுக்குப் பொய் வராது.

பொய் பேசக்கூடாது என்ற கொள்கை எல்லாம் ஒன்றும் இல்லை. கேள்வி கேட்டால் உள்ளே இருப்பது அப்படியே வெளியே வந்து விழுந்துவிடும். அது விழலாமா என்று அப்புறம்தான் யோசிப்பான். சின்ன வயதில் அவன் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால் பின்னால் நிற்கும் வரிசை நகரவே நகராது.

முதல் நேர்காணலில், ஏன் இந்தத் தொழிலுக்கு வந்தாய் என்று கேட்டார்கள். சேவை, இரக்கம் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். "பாலிடெக்னிக் ஓப்பன் ஹவுஸ் அன்னிக்குச் சரியான வெயில். நர்சிங் பிளாக்தான் பக்கத்துல இருந்துச்சு, ஏர்கான் நல்லா இருந்துச்சு. உள்ளே போய் உட்கார்ந்தேன். பேசினதைக் கேட்டதும் பிடிச்சுப் போச்சு" என்றான். இரண்டாவது நேர்காணலில், உன்னிடம் உள்ள குறை என்ன என்றார்கள். "காலை ஷிஃப்டுக்கு எழும்ப மூணு அலாரம் வேணும். சில நாள் நாலு." மூன்றாவது இடத்தில், ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பாய் என்றார்கள். "வீவக வீட்டுலதான், குலுக்கல்ல கிடைச்சா" என்றான். நாங்கள் வேலையில் கேட்கிறோம் என்றதும், "ஓ, அதுவும் இருக்கும்" என்று சேர்த்துக்கொண்டான்.

மூன்று இடத்திலிருந்தும் மிக மரியாதையான மின்னஞ்சல்கள் வந்தன. மரியாதை கூடக்கூட வேலை இல்லை என்று அர்த்தம்.

எட்டாவது வாரம் கோயிலில் மாதத் தாள் அச்சாகி வந்தது. அந்த மாதத்துத் திருப்பலிக் கருத்துகள் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். மூன்றாம் ஞாயிறு, ஐந்தாவது கருத்து, மார்வினுக்கு மருத்துவமனையில் வேலை கிடைத்தமைக்கு நன்றியாக. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? திருப்பலி முடிந்து வாசல் தாண்டுவதற்குள் நாற்பது பேர் அவன் கையைக் குலுக்கிவிட்டார்கள்.

"இல்லை ஆன்டி, இன்னும்..." என்று மார்வின் வாயைத் திறந்தான். பிலோமினம்மாள் அவன் காலை மிதித்தார். தம் சக்திக்கு மேலேயே மிதித்தார்.

"வாயைத் திறந்தே, வீட்டுப் பக்கம் வராதே" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு, முகத்தில் சிரிப்பு மாறாமல். "இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. அதுக்குள்ள நிஜமாயிடும். நிஜமாகப் போறதை முன்னாடியே சொன்னா அது பொய் இல்லை."

அந்த இரண்டு வாரம் மார்வின் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. கோயில் வாசலில் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லிப் பெண்கள் கையை நீட்டினார்கள். ஒருவர் மூட்டு வலியை நடந்தே காட்டினார். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டவர்களுக்கெல்லாம் பிலோமினம்மாள் முந்திக்கொண்டு "பெரிய ஆஸ்பத்திரி" என்றார். சிங்கப்பூரில் எந்த ஆஸ்பத்திரிதான் சின்னது?

அங்கேதான் ரிச்சர்ட் அங்கிள் வந்து சேர்ந்தார். பாடகர் குழுத் தலைவர். அவர் குரலுக்குக் கொடுத்த தைரியத்தைக் கடவுள் உடம்புக்குக் கொடுக்கவில்லை. குடலிறக்கத்துக்கு அறுவை செய்ய நாள் குறித்திருந்தார்கள். "பெரிய ஆஸ்பத்திரியா? எனக்கும் அங்கேதான்பா செவ்வாய்க்கிழமை ஆபரேஷன்! நம்ம மார்வின் இருக்கான், இனி எனக்கென்ன பயம்!" என்று மார்வினைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அம்மா. கட்டிப்பிடியில் மாட்டிக்கொண்டது பிள்ளை.

செவ்வாய்க்கிழமை மார்வின், பார்வையாளர் நேரத்தில், பார்வையாளர் வாசல் வழியாக, சாதாரணச் சட்டை போட்டுக்கொண்டு போனான். அந்தச் சட்டை அங்கே நர்ஸ்கள் போடுகிற அதே இளநீலமாக அமைந்தது அவன் நேரம். வார்டுக்குள் கால் வைத்ததுமே இரண்டாம் படுக்கைச் சீனத் தாத்தா "மிஸ்ஸி! மிஸ்ஸி!" என்று கூப்பிட்டார். ஆறடி உயரமும் மீசையும் இருந்தாலும் சிங்கப்பூர் வார்டில் நர்ஸ் என்றால் மிஸ்ஸிதான். "நான் இங்க வேலை பார்க்கலை அங்கிள்" என்று அவன் மூன்று மொழியில் சொல்லிப் பார்த்தான். தாத்தா தண்ணீர்க் குவளையைக் காட்டினார். அறுவைக்காகப் பட்டினி போட்டிருக்கிறார்களா இல்லையா என்று தெரியாமல் கொடுக்கக் கூடாது என்பதால் ஓடிப் போய் நிஜமான நர்ஸைக் கூப்பிட்டு வந்தான். தாத்தாவுக்கு அது பிடிக்கவில்லை. வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே மிஸ்ஸிமார் இப்படித்தான் வேலையை அடுத்தவர் தலையில் கட்டுகிறார்கள் என்பதுபோல் பார்த்தார்.

ரிச்சர்ட் அங்கிள் அறுவை முடிந்து அரை மயக்கத்தில் கிடந்தார். சுற்றி யாரும் இல்லை. மார்வின் கட்டிலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அங்கிள், ஒரு விஷயம் சொல்லணும். எனக்கு இன்னும் வேலை கிடைக்கலை. மூணு இடத்துல வேணாம்னுட்டாங்க. அம்மா முன்கூட்டியே எழுதிட்டாங்க. நான் சும்மா பார்க்கத்தான் வந்தேன்."

ரிச்சர்ட் அங்கிள் கண்ணைத் திறக்காமலே "ஆமென்" என்றார். பிறகு குறட்டை விட்டார். கண் விழித்தபோது அவருக்கு ஒன்றும் நினைவில்லை. வந்த சொந்தக்காரர்களிடமெல்லாம் "ராத்திரி பகலா பக்கத்துலயே நின்னான்பா, தங்கமான மிஸ்ஸி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மார்வின் இருந்தது ஒன்றேகால் மணி நேரம்.

நான்காவது நேர்காணல் அந்த வாரம் வெள்ளிக்கிழமைதான். கேலாங் ஈஸ்ட்டில் முதியவர்களுக்கான ஓர் இல்லம். ஞாயிற்றுக்கிழமைக்கு நடுவில் இருந்தது சனி ஒன்றுதான். பிலோமினம்மாள் தேக்கா கடையொன்றில் நூறு பேருக்குக் கோழி பிரியாணி சொல்லிவிட்டிருந்தார். போதாக்குறைக்கு, அந்த ஞாயிறு கருத்துகளை வாசிக்க வேண்டியவன் மார்வினேதான். கோயிலில் தடுமாறாமல் தமிழ் வாசிக்கிற இளைஞர்கள் மூன்று பேர். ஒருவன் ஆஸ்திரேலியாவில் படிக்கிறான். இன்னொருத்திக்குத் தொண்டை கட்டிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை அவன் கிளம்பும்போது அம்மா அடுக்களையிலிருந்து வந்தார். இத்தனை நாள் இருந்த தெம்பு முகத்தில் இல்லை.

"மார்வின், கிடைக்கலைன்னா நான் எந்த முகத்தோடப்பா கோயிலுக்குப் போவேன்?"

அதுவரை மார்வினுக்கு எரிச்சல்தான் இருந்தது. அந்தக் கேள்வியைக் கேட்டதும் அது போய்விட்டது. நாற்பது வருடமாக அம்மாவுக்கு உலகமே அந்தக் கோயில்தான். அங்கே அவர் தலைகுனிந்து நிற்பதைப் பார்க்க அவனால் முடியாது. இந்தத் தடவை எப்படியாவது ஒழுங்காகப் பேசிவிடுவது என்று முடிவு கட்டினான். இணையத்திலிருந்து நல்ல நல்ல பதில்களாக எடுத்து, எம்.ஆர்.டி ரயிலில் வழியெல்லாம் உதடசைத்து உருப்போட்டான். எதிரே உட்கார்ந்திருந்த பெண் அவன் ஜெபம் செய்வதாக நினைத்துக் கைப்பேசியின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டாள்.

இல்லத்தின் தலைமைத் தாதி நஃபீசா. ஐம்பது வயது இருக்கும். மார்வின் ஏன் நர்சிங் என்பதற்கு இரக்கம் என்றான், குறை என்ன என்பதற்கு அளவுக்கு மீறிய உழைப்பு என்றான், ஐந்து வருடத்தில் எங்கே என்பதற்கு இங்கேயே மேலும் உயர்ந்து என்றான். நஃபீசா கொட்டாவியை மறைக்கக்கூட முயலவில்லை. கடைசியாகக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்: "ஏதாவது தப்பை மறைச்ச அனுபவம் உண்டா?"

இந்தக் கேள்வி இணையத்தில் இல்லை.

"இப்ப மறைச்சுக்கிட்டிருக்கேன் மேடம்" என்றான் மார்வின்.

அவ்வளவுதான், மடை உடைந்தது. புதன்கிழமை பதிவிலிருந்து தேக்கா பிரியாணி வரை எல்லாம் வெளியே வந்தது. அளவுக்கு மீறிய உழைப்பு என்றதும் பொய், குறை அலாரம்தான் என்பதையும் சொல்லிவிட்டான். ஆங்கிலத்தில் தொடங்கியவன் பாதியில் தமிழுக்கு மாறியிருந்தான். நஃபீசாவும் தமிழிலேயே கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை யார் வாசிக்கப் போறது?"

"நான்தான் மேடம்."

"என்ன வாசிப்பே?"

"தெரியலை மேடம்."

"சரி. திங்கட்கிழமை சொல்றோம்" என்று அவர் கோப்பை மூடினார். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. நாலாவது மரியாதை மின்னஞ்சல் கிளம்பிவிட்டது என்று மார்வின் முடிவு செய்துகொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. மூன்றாவது வரிசையில் பிலோமினம்மாள் மாம்பழ நிறப் பட்டுப்புடவையில், நிமிர்ந்து, ஆனால் யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். பாடகர் குழுவில் ரிச்சர்ட் அங்கிள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில். கருத்துகள் வாசிக்கும் நேரம் வந்தது. மார்வின் மேடையேறினான்.

முதல் நான்கும் ஒழுங்காகப் போயின. ஒவ்வொன்றின் முடிவிலும் "இறைவனுக்கு நன்றி கூறுவோம்" என்று அவன் சொல்ல, முந்நூறு பேரும் "இறைவா, உமக்கு நன்றி" என்றார்கள். ஐந்தாவது வந்தது.

"மார்வினுக்கு மருத்துவமனையில் வேலை..." என்று வாசித்தான். அடுத்த சொல் தாளில் கொட்டை எழுத்தில் இருந்தது. வாய் வரவில்லை. அம்மாவைப் பார்த்தான். அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மார்வின் மூச்சை இழுத்துவிட்டான்.

"...இன்னும் கிடைக்கவில்லை. மூன்று இடங்களில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நாலாவது இடத்தில் நாளைக்குச் சொல்வார்கள். இத்தனை வாரம் வாழ்த்துச் சொன்ன உங்கள் எல்லாரிடமும் உண்மையைச் சொல்லாமல் இருந்ததற்கு அவன் மன்னிப்புக் கேட்கிறான்." பழக்கதோஷம் முந்திக்கொண்டது. "இறைவனுக்கு நன்றி கூறுவோம்."

"இறைவா, உமக்கு நன்றி!" என்று முந்நூறு பேரும் ஒரே குரலில் முழங்கினார்கள்.

பாடகர் குழுவின் மைக் அணைக்கப்படவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. "எதுக்குப்பா நன்றி சொன்னோம்?" என்று ரிச்சர்ட் அங்கிளின் கம்பீரக் குரல் கூரைவரை போய்த் திரும்பியது. முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரிக்க, அது பின்வரிசை வரைக்கும் பற்றிக்கொண்டது. ஃபாதர் பூசைப் புத்தகத்தைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். புத்தகம் குலுங்கியது.

மார்வின் மட்டும் சிரிக்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் தாளையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்போது மூன்றாவது வரிசையில் பட்டுப்புடவை சரசரத்தது. பிலோமினம்மாள் எழுந்து நின்றார்.

"தப்பு என்னுது ஃபாதர். அவன் சொல்றேன் சொல்றேன்னான், நான்தான் காலை மிதிச்சு வாயை அடைச்சேன். பிள்ளை மேல ஒண்ணும் இல்லை."

குரல் உடைந்தாலும் அத்தனையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். "நான் மன்றாட்டுன்னு போடலாம்னு அப்பவே சொன்னேன் ஃபாதர்!" என்று கடைசி வரிசையிலிருந்து அமலா எழுந்தாள்.

"அப்ப இப்ப மன்றாடிடுவோம், அமலா" என்றார் ஃபாதர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. எல்லாரும் எழுந்து நின்று மார்வினுக்கு வேலை கிடைக்க வேண்டினார்கள். சிரிப்பு முழுசாக அடங்காமலே வேண்டினார்கள். மார்வினுக்கு அழுகை வந்துவிட்டது. ஆறடி ஆள் மேடையில் நின்று சட்டைக்கையால் மூக்கைத் துடைப்பதை எல்லாரும் பார்த்தார்கள்.

பிரியாணி ஒரு பருக்கை மிஞ்சவில்லை. வேலை கிடைத்தால் என்ன, கிடைக்காவிட்டால் என்ன, கோழி கோழிதானே. ரிச்சர்ட் அங்கிள்தான் கொஞ்சம் குழம்பிப் போயிருந்தார். "அப்ப என்னைப் பார்த்துக்கிட்டது யாருப்பா?" என்று பிரியாணி முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், சுவா சூ காங் நிலையத்தில் படியிறங்கும்போது, பிலோமினம்மாள் முன்னால் பார்த்தபடி மகனிடம் சொன்னார்.

"நல்லாத்தான் வாசிச்சே. 'மன்னிப்பு'ல மட்டும் கொஞ்சம் திக்கிட்டே."

பின்னால் பைகளோடு வந்த மரியஅந்தோணி, "எனக்கு அந்த இடம்தான் பிடிச்சுது" என்றார்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு மின்னஞ்சல் வரவில்லை. தொலைபேசி வந்தது. நஃபீசா வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"முதல்ல இதைச் சொல்லு. நேத்து என்ன வாசிச்சே?"

மார்வின் சொன்னான். முந்நூறு பேர் நன்றி சொன்னதையும் சொன்னான். எதிர்முனையில் நஃபீசா சிரிக்கிறார் என்பது புரிந்தது. சிரித்து முடித்ததும் அவர் குரல் மாறியிருந்தது.

"இங்க வயசானவங்க அறுபது பேர் இருக்காங்க, மார்வின். பாதிப் பேருக்கு, நமக்கு என்ன மருந்து கொடுத்தாங்கன்னே தெரியாது. தப்பு செய்யற நர்ஸைப் பார்த்து எனக்குப் பயமில்லை. நானும் செஞ்சிருக்கேன். தப்பு மருந்தைக் கொடுத்துட்டு யாரும் பார்க்கலைன்னு போய்த் தூங்கற நர்ஸை நினைச்சாத்தான் எனக்குத் தூக்கம் வராது. அம்மா முன்னாடி, அத்தனை பேர் முன்னாடி நின்னு சொன்னவன் என்கிட்ட வந்து சொல்ல மாட்டானா? ஒண்ணாம் தேதி காலையில ஏழு மணிக்கு வந்துடு."

மார்வின் அடுக்களைக்குப் போய் அம்மாவிடம் சொன்னான். பிலோமினம்மாள் கையிலிருந்த வெங்காயத்தைப் போட்டுவிட்டு அவனை இழுத்து அணைத்துக்கொண்டார். அழுதார், சிரித்தார், மாதாவே என்றார். பிறகு கைப்பேசியை எடுத்து, கோயில் பெண்கள் குழுவைத் திறந்து, கட்டை விரலால் 'மார்வினுக்கு வேலை' என்று வேகமாகத் தட்டினார்.

விரல் நின்றது. தட்டியதைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். ஒவ்வோர் எழுத்தாக அழித்தார்.

"லெட்டர் கையில வரட்டும்" என்றார்.

லெட்டர் வியாழக்கிழமைதான் வந்தது. அதுவரை, அந்த மூன்று நாளும், பிலோமினம்மாள் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.